முழவு பேசுகிறது, எழுத்து ஊமையாகிறது!

மேலை ஆப்பிரிக்காவில், நைசீரிய நாட்டின் தென்மேற்குப் பகுதியிலும் அதனையடுத்த பெனின், தோகோ நாடுகளிலும் வாழும் யொருபா மக்களிடம் ஒரு முழவு உண்டு. தமிழர்தம் துடியைப் போல இடைசுருங்கி, இருபுறமும் தோல் போர்த்து, நெடுக வார்கொண்டு வரிந்து கட்டப்பெற்ற அம் முழவுக்குத் 'துந்துன்' என்பது பெயர். அதனை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வளைகோல் ஒன்றால் அறைவான் முழவன். வாரை அழுத்துங்கால் ஓசை உயரும், நெகிழ்த்துங்கால் தாழும். அவ்வளவே அக்கருவியின் திறம். அதில் மெய்யொலி இல்லை, உயிரொலி இல்லை, இதழும் நாவும் பல்லும் அண்ணமும் இல்லை. இருப்பது ஓசையின் ஏற்றத்தாழ்வு ஒன்றே. அவ்வொன்றைக் கொண்டே அவன் அரசனின் பெயரை விளிக்கின்றான்; குடிப்புகழ் பாடுகின்றான்; பழமொழி கூறி அவையோரை நகைக்கச் செய்கின்றான். கேட்டோரும் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொண்டு தலையசைக்கின்றனர்.

இனி, அம் முழவனின் பேரன் கையிலுள்ள கைப்பேசியை நோக்குக. முகநூலிலும் புலனத்திலும், முன்னர்க் 'கீச்சகம்' எனப்பட்டு 2023 முதல் 'எக்சு' எனப் பெயர் மாறிய தளத்திலும், அவன் தன் தாய்மொழியை நாள்தோறும் எழுதுகின்றான். அவ்வெழுத்தில் மெய் உண்டு, உயிர் உண்டு. ஓசை மட்டும் இல்லை! பாட்டன் தோலிலும் கோலிலும் காத்த பாதியைப் பேரன் கண்ணாடித் திரையிற் கைவிட்டான். தோற்கருவி பேசுகிறது; எழுத்து ஊமையாகி நிற்கிறது. இது வெறும் எழுத்துப் பிழை எனக் கடந்து செல்வதற்குரிய செய்தியன்று. 4 கோடிக்கு மேற்பட்டோர் பேசும் ஒரு பெருமொழியின் உயிர்நிலை பற்றிய செய்தி.

யொருபாவில் ஒவ்வோர் அசையும் மூன்று நிலைகளுள் ஒன்றில் ஒலிக்கும். எடுத்தலோசை ஒன்று, படுத்தலோசை ஒன்று, இரண்டிற்கும் நடுவே இடையோசை ஒன்று. பள்ளிப் பிள்ளைகட்கு இவற்றைத் 'தோ, ரே, மீ' என இசைப்பெயராலேயே கற்பிப்பர். இது பேசுவோனின் உணர்ச்சிக்கேற்ப ஏறியிறங்கும் குரலன்று. தமிழில் 'வந்தான்' என்பதை வினாவாகவும் ஒலிக்கலாம், வியப்பாகவும் ஒலிக்கலாம், வந்தவன் வந்தவனே. யொருபாவிலோ ஓசை மாறினாற் சொல்லே மாறும். 'ஒக்கொ' என்று ஏறத்தாழ எழுதத்தக்க ஒரு வடிவத்தைக் கொள்க. ஈரசையும் இடையோசையாயின் கணவன். பின்னசை உயரின் மண்வெட்டி. பின்னசை தாழின் ஊர்தி. ஈரசையும் தாழின் ஈட்டி. தமிழெழுத்தில் இந்நான்கும் ஒன்றாய்த் தோன்றுதல் தமிழெழுத்தின் குறையன்று; அது தமிழொலிக்கென அமைந்தது. யொருபாவிற்கென்றே அமைந்த எழுத்தை வைத்துக்கொண்டு, யொருபா மகனே கணவனையும் மண்வெட்டியையும் ஊர்தியையும் ஈட்டியையும் ஒன்றுபோல் எழுதுவானாயின், அதற்குப் பெயர் என்ன?

ஓசையோடு நில்லாது, உயிரெழுத்தும் கெடுகின்றது. அம்மொழியின் வாயுயிர் ஏழு. எகரத்தில் இதழ் குறுகியது ஒன்று, விரிந்தது ஒன்று. ஒகரத்திலும் அவ்வாறே இரண்டு. விரிந்த உயிர்களை அடியில் ஒரு புள்ளியிட்டு எழுதுவது மரபு. புள்ளியையும் ஓசைக்குறியையும் ஒருங்கே நீக்கிவிடின், பணமும் வணிகமும் கையும் மதிப்பும் துடைப்பமும் ஒரே மூன்றெழுத்துச் சொல்லாகி விடுகின்றன. மதிப்பிற்கும் துடைப்பத்திற்கும் வேற்றுமை காட்டாத எழுத்தினால் ஒருவன் பெரியோரை வாழ்த்தப் புகுந்தால், படிப்பவரின் பொறுமையே அவனைக் காத்தல் வேண்டும்.

சொல்லளவில் நின்றாலும் போகட்டும் எனலாம். சொற்றொடரே திரிகின்றது. அம்மொழியில் 'நீ' என்பதும் 'அவன்' அல்லது 'அவள்' என்பதும் எழுவாயாக வருங்கால் ஒகரம் ஒன்றே. இடையோசையில் ஒலிப்பின் நீ. எடுத்தலோசையில் ஒலிப்பின் அவன். வேறு வேற்றுமை இல்லை. ஆகவே, 'ஒ லோ ஓவோ மி' என்று குறியின்றி ஒருவன் தட்டி விடுகின்றான். 'அவன் என் பணத்தைச் செலவிட்டு விட்டான்' என்று நண்பனிடம் வருந்துகின்றானா? 'நீ என் பணத்தைச் செலவிட்டு விட்டாய்' என்று அந்நண்பனையே குற்றஞ் சாட்டுகின்றானா? ஒருகாற் செய்தி, ஒருகாற் பழி. வேறுபாடு ஒகரத்தின் தலைமேல் இருக்கவேண்டிய ஒரு சிறு கோடு. அக்கோட்டை இடுதற்கு நேரமில்லை என்போர், பின்னர் எழும் பூசலைத் தீர்க்க எத்துணை நேரம் செலவிடுவர் என்பதைக் கணக்கிட்டாரில்லை.

'முன்பின் நோக்கிப் பொருள் கொள்ளலாமே, குறி எதற்கு?' என்று வினவுவோர் அங்கும் உளர். அவருள் கற்றோரும் உளர் என்பதுதான் வருந்தத்தக்கது. இவ் வினாவை எழுப்புவோரின் நேர்மையை ஆங்கிலத்தை வைத்தே ஆய்ந்துவிடலாம். ஆங்கிலத்தில் 'டூ' என ஒலிக்கும் சொற்கள் மூன்று. ஒன்று இரண்டு என்னும் எண். ஒன்று 'உம்' என்னும் பொருளது. மற்றொன்று திசையும் இலக்கும் காட்டும் இடைச்சொல். காதுக்கு மூன்றும் ஒன்றே. எந்தச் சூழலிலும் பொருள் மயங்குதல் அரிது. எனினும் மூன்றையும் மூன்று வகையாக எழுத வேண்டும் என்று இலாகோசுப் பள்ளியிலும் இபாதான் பள்ளியிலும் பிள்ளைக்கு அடித்துத் திருத்திக் கற்பிக்கின்றனர். செவிக்கே புலப்படாத வேற்றுமையை ஆங்கிலத்திற் காக்கத் தெரிந்தவர்க்குச் செவியில் அறைந்தாற்போற் புலப்படும் வேற்றுமையைத் தம் தாய்மொழியிற் காப்பது மட்டும் சுமையாகி விட்டது! இங்கே பேசுவது எளிமை வேட்கை அன்று. எம்மொழிக்கு அஞ்சவேண்டும், எம்மொழிக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்னும் அடிமைக் கணக்கே பேசுகின்றது.

மேலும், அக்குறிகள் அளவுக்கு மிஞ்சியவை என்பதும் பொய். ஓசை மூன்று; குறி இரண்டே. இடையோசைக்குக் குறியே இல்லை. இதனினும் சிக்கனமாக எழுத்தை அமைத்தல் அரிது. சிக்கனத்தின் மேற் சிக்கனம் பிடித்தால் எஞ்சுவது வறுமைதான். ஏடெழுதிய தமிழர் புள்ளியின்றி எழுதிப் போனதனாலும், எகர ஏகாரங்களை ஒன்றுபோற் கீறியதனாலும், சுவடிகளை அச்சேற்றிய அறிஞர்கள் ஒவ்வொரு சொல்லிலும் பட்ட பாட்டைப் படித்தறிந்தவர்க்கு இது நன்கு விளங்கும். ஏட்டில் எழுதியவர்க்காவது புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்னும் காரணியம் இருந்தது.

யொருபா எழுத்து எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தால் இவ்விழப்பின் அளவு புலப்படும். 1821-ஆம் ஆண்டில் ஓசோகுன் என்னும் ஊரை அடிமை பிடிப்போர் சூறையாடினர். பிடிபட்ட சிறுவருள் அசாயி என்பவனும் ஒருவன். கைம்மாறிக் கைம்மாறி விற்கப்பட்டு, போர்த்துகேசிய அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்ட அவனை, 1822-இல் பிரித்தானியக் கடற்படை மீட்டுச் சியரா இலியோனில் இறக்கியது. அச்சிறுவனே பின்னர்ச் சாமுவேல் அசாயி கிரௌத்தர் எனப் பெயர் பெற்று, 1843-இல் யொருபாச் சொற்களைத் தொகுத்து நூலாக்கினார், 1864-இல் ஆயரானார், விவிலியத்தை யொருபாவில் பெயர்க்கும் பணியை முன்னின்று நடத்தினார். தன் ஊரையும் குடியையும் இழந்து, கடற்கரையில் அயலாராற் கரையேற்றப்பட்ட ஒருவன், கையில் எஞ்சியிருந்த ஒரே உடைமையாகிய தாய்மொழியை எழுத்தில் வைத்துக் காத்த வரலாறு இது. அவருடைய முதுமையில் வெள்ளைச் சமயத் தொண்டர்களே அவரை ஒதுக்கித் தள்ளினர் என்பது வேறு கதை.

1859-இல் அபெயோக்குத்தா நகரில் 'இவே இரோகின்' என்னும் யொருபாச் செய்தித்தாள் தோன்றியது. 1875-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலாகோசில் ஓர் அவை கூடி எழுத்துமுறையை ஒழுங்கு செய்தது. அடிப்புள்ளிகளும் ஓசைக்குறிகளும் அவ்வாறு நிலைபெற்றன. பின்னர் அயோ பம்க்போசே என்னும் மொழியறிஞர் 1965-இல் அவ்வெழுத்துமுறையைத் திறனாய்ந்து நூல் எழுதினார். அதன்பின் குழு அமைந்து, 1974-இல் அரசின் இசைவும் கிடைத்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு! அதனைத் தட்டச்சு விரல் ஒன்று நொடியிற் கழித்துவிடுகின்றது.

ஆனாற் பழியனைத்தையும் அவ்விளைஞன் தலையில் ஏற்றுவது நயன்மையாகாது. அவன் கையிற் கொடுக்கப்பட்ட கருவியே அயலான் கருவி. கைப்பேசியின் ஆங்கில விசைப்பலகையில் எகரத்தை நெடிது அழுத்திப் பார்க்கட்டும். பிரெஞ்சுக்காரனுக்கு வேண்டிய கோடுகளும் கூரைகளும் இரட்டைப் புள்ளிகளும் அடுக்கடுக்காய்த் தோன்றும். அடிப்புள்ளி இட்ட யொருபா எகரம் தோன்றாது. யொருபா விசைப்பலகையைத் தேடி நிறுவுபவனுக்கே அது கிட்டும். தேடவேண்டும் என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்?

அதற்கும் அடியில் ஒரு கரவு உண்டு. உலகின் எழுத்துகட்கெல்லாம் எண் கொடுத்துக் கணினியில் இடம் ஒதுக்கும் ஒருங்குறியில், வியத்நாம் மொழியின் எழுத்துகள் மேற்குறியும் அடிப்புள்ளியும் சேர்ந்த நிலையிலேயே தனித்தனி இடம் பெற்றுள்ளன. யொருபாவின் எழுத்துகட்கோ அடிப்புள்ளி வரையிலேதான் தனியிடம். புள்ளியின்மேல் ஓசைக்குறியும் சேர்ந்த எழுத்துக்குத் தனியிடம் இல்லை. எழுத்தை ஓரிடத்திலும் குறியை ஓரிடத்திலும் எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டும் முறையும் ஒன்றன்று. புள்ளியை முன்னிட்டுக் குறியைப் பின்னிடலாம், குறியை முன்னிட்டுப் புள்ளியைப் பின்னிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒழுங்காக அமைக்கப்படாத மென்பொருளுக்கு இரண்டும் வேறு. ஆகவே தேடினாற் கிடைப்பதில்லை. சில எழுத்துருக்களிற் குறி பக்கத்தில் நழுவி விழுகின்றது. கீச்சகத்தில் ஒரு பதிவுக்கு 140 எழுத்தே எல்லை என்றிருந்த காலத்தில், ஓசைக்குறி ஏற்ற யொருபா எழுத்து ஒன்று இரண்டாகக் கணக்கிடப்பட்டது. தன் மொழியைச் செம்மையாக எழுதியவனுக்குத் தண்டம். சிதைத்து எழுதியவனுக்கு இடச் சலுகை! தமிழரும் இந்நோயை அறிவர். உயிர்மெய் ஒன்றை இரண்டு குறியாகப் பிளந்து வைத்த அதே ஒருங்குறிதான். அனைத்துத் தமிழெழுத்துக்கும் தனியிடம் தரும் வேறோர் அமைப்பை 2010-இல் தமிழக அரசு ஏற்று ஆணையிட நேர்ந்ததும் அதனாலேதான்.

கருவி இவ்வாறிருக்க, எழுதுவோன் வேறு வழி தேடுகின்றான். அவ்வழி அவனை இன்னும் ஆழமான பள்ளத்தில் இறக்குகின்றது. அடிப்புள்ளியிட்ட சகரத்தை விடுத்து ஆங்கிலச் சகரவொலிக்குரிய ஈரெழுத்தை இடுகின்றான். விரிந்த ஒகரத்தைக் காட்ட, ஆங்கிலேயன் ஒலிப்பதாக எண்ணி, ஒகரத்தின் பின் ரகரத்தை ஒட்டுகின்றான். 'பிள்ளை' எனப் பொருள்படும் 'ஒமொ' என்னும் சொல், வியப்புக் குறிப்பாக இன்று நைசீரிய இளைஞர் அனைவர் வாயிலும் வழங்குகின்றது. அது திரையில் ரகர ஈறு பெற்று உலவுகின்றது. வினாக்குறிப்பாகிய 'சே' ஆங்கில யகர ஈற்றோடு எழுதப்படுகின்றது. கூர்ந்து நோக்கின் இதன் கொடுமை விளங்கும். ஒலி யொருபாவினது, ஆனால் அவ்வொலியை எழுத்தாக்கும் அளவுகோல் ஆங்கிலத்தினது. தன் தாய்மொழி ஒலியைத் தானே கேட்டு எழுதாமல், 'ஆங்கிலேயன் இதனைக் கேட்டால் எப்படி எழுதுவான்?' என்று எண்ணி எழுதுகின்றான் ஒரு யொருபா மகன். ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாய்க் கலந்து கிடக்க, உரோமன் எழுத்தில் தமிழைத் தட்டும் பிள்ளைகளைப் பெற்ற வீட்டார்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

இங்கே ஒன்றை மறவாமற் கூறவேண்டும். யொருபாவின் ஒலியமைப்பு வலிவற்றதன்று; அயற்சொல்லைக் கண்டால் அஞ்சி ஒதுங்குவதுமன்று. அம்மொழியின் அசை உயிரில் முடியும், மெய்ம்மயக்கம் இல்லை, மெய்யீறும் இல்லை. ஆகையால் அயற்சொல் எது வரினும், இடையிடையே உயிரைப் பெய்து, ஈற்றிலும் உயிரை வைத்து, ஓசையும் ஏற்றித் தன் உடையைத் தான் உடுத்திய பின்னரே உள்ளே விடும். ஆங்கில 'பிரெட்' அங்கே 'புரெடி' ஆயிற்று. 'கிளாசு' என்பது 'கிலாசி' ஆயிற்று. 'டாக்டர்' 'டோகிட்டா' ஆனார். தொல்காப்பியர் வடசொல்லுக்கு விதித்த நெறியும் இவ்வியற்கையை ஒட்டியதே அன்றோ? எழுத்தறியாத கடைத்தெருப் பெண்டிரும் பிழையின்றிச் செய்த இவ்வேலையைப் பட்டம் பெற்றோர் நிறுத்திவிட்டனர். அவர் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தோடு, ஆங்கில மெய்ம்மயக்கத்தோடு, யொருபாச் சொற்றொடரின் நடுவே அப்படியே நட்டு வைக்கின்றனர்.

தாய்மொழிச் சொல்லாக்கமோ இதனினும் உயர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவர்தம் சொல் 'இலே இவே'. நூலின் வீடு என்பது பொருள். வானொலி 'அசொரொமாக்பேசி', பேசும், மறுமொழி ஏலாது என்பது பொருள். வானொலியை இவ்வளவு நகைச்சுவையோடு எம்மொழி பெயரிட்டது? தொலைக்காட்சி 'அமோகுன்மாவோரான்', குரலையும் படத்தையும் பற்றிப் பிடிப்பது. கணினி 'அயாராபியாசா', பருந்துபோல் விரைவது. உலக வலைப்பின்னலுக்கு 'இத்தாக்குன் அக்பாயே' என்றனர். உலகளாவிய கொடி என்பது பொருள். வலை என்னாது கொடி என்றமையில் அம்மண்ணின் மணம் வீசுகின்றது. 1984-இல் கலைச்சொல் தொகுதி ஒன்றும் வெளிவந்தது. ஆக்கவும் வல்லர், ஏற்கவும் வல்லர். எழுதுங்கால் மட்டும் ஏன் வறியராயினர்?

குமுக வலைத்தளங்களினால் அம்மொழிக்கு நன்மையே இல்லை எனல் பொய்யாகும். 'சாப்பா' என்னும் யொருபாச் சொல், பிழைப்புத் தேடி நாட்டை விட்டு ஓடுதல் என்னும் பொருளில், இத்தளங்களின் வாயிலாகவே நைசீரியாவின் எல்லா இனத்தார் வாயிலும் ஏறி, ஆங்கில அகரமுதலியிலும் இடம் பெற்றது. முதலசையின் ஓசைக்குறியைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே உள்ளே விட்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். புலனத்தில் குரற்பதிவு அனுப்பும் வழக்கமும் நன்றே. ஏனெனிற் குரலில் ஓசை தங்குகின்றது. முழவின் வழித்தோன்றலாகக் கைப்பேசி அங்கே ஒன்றே விளங்குகின்றது. ஆனாற் குரற்பதிவை ஏட்டிற் கோக்க முடியாது. தேடி எடுக்க முடியாது. பள்ளியில் வைத்துக் கற்பிக்க முடியாது. எழுத்து செய்யவேண்டிய வேலையை எழுத்தே செய்தல் வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு கேடு பிறந்துள்ளது. இற்றைக் கணினிகள் மொழிபெயர்க்கவும் விடையிறுக்கவும் கற்பது, மாந்தர் வலைத்தளங்களில் எழுதிக் குவித்தவற்றைப் படித்தே. குறியிழந்த யொருபாவைப் படித்த பொறி, கணவனையும் ஈட்டியையும் எவ்வாறு பிரித்தறியும்? யொருபாவையும் கானா நாட்டின் துவி மொழியையும் வைத்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வலையிலிருந்து வாரிக் கொட்டிய பெருந்திரளைவிட, குறியொழுங்கோடு தேர்ந்தெடுத்த சிறுதொகுதியிற் பயின்ற பொறியே சொற்பொருளை நன்கு உணர்ந்தது என்று காட்டியது. உதிர்ந்த குறிகளைத் திரும்பப் பொருத்துவதற்கென்றே தனிப் பொறிகளை ஆய்வாளர் அமைத்து வருகின்றனர். எழுதுவோன் ஒரு கோடு இட்டிருந்தால் வேண்டாத வேலை! தன் மகன் உதறியதைப் பொறியிடம் இரந்து பெறும் நிலைக்கு ஒரு மொழி வந்துள்ளது.

விழித்தோரும் உளர். கோலா துபோசுன் என்னும் மொழியியலார் 2012-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளை யொருபாவிற் கீச்சும் நாளாக்கி, கீச்சகத்தின் மொழிப்பட்டியலில் யொருபாவையும் சேர்க்க வேண்டும் என்று இளைஞரைத் திரட்டினார். பின்னர் யொருபாப் பெயர்களுக்கென ஓசைக்குறியும் பொருளும் காட்டும் இணைய அகரமுதலியைத் தொடங்கினார்; குறியிட்டெழுதும் விசைப்பலகையையும் அவர் குழுவினர் விலையின்றி வழங்கினர். பெயரிலிருந்து தொடங்கியது கூர்மையான அறிவு. மொழியை மறந்தவனும் தன் பெயரை நாளும் எழுதுவான். அப்பெயரின்மேல் ஓசை ஏறினால், அவன் தன்னை ஒருமுறையேனும் தன் தாய் அழைத்தவாறே எழுதியவனாவான். 2018-இல் பி.பி.சி. நிறுவனம் யொருபாவிற் செய்தி வெளியிடத் தொடங்கியதும் ஒரு துணையே.

ஆயினும் தனி மாந்தர் முயற்சி எத்துணைப் பள்ளத்தை நிரப்பும்? குறியிடாமை விரலின் சோம்பலாற் பிறந்ததன்று, பள்ளியிற் பிறந்தது. ஆங்கிலத்தை எழுதக் கற்ற கை, தாய்மொழியை எழுதக் கற்கவில்லை. பேச மட்டும் அறிந்தது. பேசத் தெரிந்ததை ஆங்கிலக் கையால் எழுதுகின்றது.

இதனை மாற்றும் வழியை அந்நாட்டு அறிஞரே 50 ஆண்டுகட்கு முன்னர்ச் செய்து காட்டினர். 1970-இல் இஃபே பல்கலைக்கழகத்தின் பாபதுண்டே பஃபுன்வா தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதி மாணவர்க்கு ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுதும் யொருபாவிலேயே நடந்தது. கணக்கும் அறிவியலும் யொருபாவிலேயே. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும், அதில் தேர்ந்த ஆசிரியரால் கற்பிக்கப்பட்டது. மறு பகுதியார்க்கு வழக்கம்போல் முதல் மூன்றாண்டு யொருபா, அதன்பின் ஆங்கிலம். பாடநூலே இல்லாத நிலையில் நூல் எழுதி, சொல் ஆக்கி, ஆசிரியரைப் பழக்கி நடத்திய முயற்சி. தாய்மொழியிற் பயின்ற பிள்ளைகள் பாடங்களில் மேம்பட்டு நின்றனர். ஆங்கிலத்திலும் அவர்கள் தாழ்ந்துவிடவில்லை. 1989-இல் இம்முடிவுகள் நூலாகவும் வெளிவந்தன.

அம்முடிவை ஏற்பதற்கு நைசீரிய அரசுக்கு 2022-ஆம் ஆண்டு வரை காலம் தேவைப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், தொடக்கப் பள்ளியின் ஆறாண்டும் தாய்மொழியே பயிற்றுமொழி என்று கொள்கை வகுத்தனர். மூன்றாண்டு கழிவதற்குள், 2025 நவம்பரில், அக்கொள்கையை நீக்கி, மழலைப் பள்ளி முதற் பல்கலைக்கழகம் வரை ஆங்கிலமே பயிற்றுமொழி என்று கல்வியமைச்சர் அறிவித்தார். தாய்மொழியிற் கற்பித்த பகுதிகளிலே பள்ளியிறுதித் தேர்விற் பிள்ளைகள் மிகுதியாகத் தோற்றனர் என்பது அவர் கூறிய காரணியம். 2025-இல் பள்ளியிறுதித் தேர்வு எழுதியவன் தொடக்கப் பள்ளியை விட்டு வெளியேறி ஆறாண்டேனும் ஆகியிருக்கும். 2022-ஆம் ஆண்டுக் கொள்கை அவனைத் தொட்டிருக்கவே இயலாது. அதற்கு முன்பிருந்த கொள்கையோ முதற் சில வகுப்புகளுக்கு மட்டுமே தாய்மொழியைக் கூறியது. அதுவும் பல பள்ளிகளில் தாளளவில் நின்றது. ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டு ஆங்கிலத்திலே தோற்ற பிள்ளையின் தோல்வியைத் தாய்மொழியின் கணக்கில் எழுதினர்.

அவ்வறிவிப்பு வெளியான மேடை எது என்பதையும் படிப்போர் அறிதல் வேண்டும். அபுசா நகரில், பிரித்தானியப் பண்பாட்டுக் கழகம் கூட்டிய கல்விமொழி மாநாட்டு மேடை அது. இஃபேயில் ஆண்டுக்கணக்கிற் பிள்ளைகளோடு அமர்ந்து, யொருபாவில் நூல் எழுதி, ஒவ்வொரு வகுப்பாகத் தேர்வு வைத்து எண்ணிப் பார்த்தவர்கள் கண்ட முடிவை மறுப்பதற்கு, அமைச்சர் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எத்தனை பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்?